உயிரியலும் தரப்பிரிப்பும்: ஐக்கிய அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் சிறப்பு வகுப்புப் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு பாடம் எவ்வாறு கற்பிக்கப்படுகின்றது என்பதை அப்பாடத்தின் உள்ளடக்கம் மட்டும் தீர்மானிப்பதில்லை. அது யாருக்கு, எந்த வகுப்பறையில், எந்நோக்குடன் கற்பிக்கப்படுகின்றது என்பனவும் அதனைத் தீர்மானிக்கின்றன. ஐக்கிய அமெரிக்காவின் உயர்நிலைப் பள்ளிகளில் உயிரியற் கல்வி வளர்ந்த வரலாறு இதற்குத் தக்க உதாரணமாகும்.

அந்நாட்டில் மாணவர் பெரும்பாலும் ஒன்பதாம் அல்லது பத்தாம் தரத்தில் உயிரியலைக் கற்கின்றனர். ஆயினும் பல பள்ளிகளில், ஒரே தரத்துக்குரிய அப்பாடம் ஒன்றுக்கு மேற்பட்ட வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒன்று பொது வகுப்பு. மற்றையது ‘ஓனர்ஸ்’ எனப்படும் சிறப்பு வகுப்பு. சிறப்பு வகுப்பில் பாடம் விரைவாகச் செல்லும். ஆய்வுகூட வேலை கூடுதலாக இருக்கும். பெற்ற புள்ளிகளுக்குப் பல பள்ளிகள் மேலதிக மதிப்பும் வழங்கும். அதற்கும் மேலே, பல்கலைக்கழக முதலாண்டுத் தரத்தில் அமைந்த உயர்நிலை உயிரியற் பாடநெறியொன்றும் உண்டு.

மாணவரின் ஆற்றல் வேறுபடுவதால் வகுப்பும் வேறுபடுகின்றது என்பதே இவ்வமைப்புக்குப் பொதுவாகக் கூறப்படும் நியாயம். இந்நியாயத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. மனிதரைத் தரம்பிரிப்பதற்கான விஞ்ஞான ஆதாரம் போன்ற ஒன்றை ஒருகாலத்தில் உயிரியலே வழங்கியது. பின்னர் அவ்வுயிரியலே அதனை மறுத்தது. ஆனால் தரப்பிரிப்பு மட்டும் பள்ளியில் நிலைத்துவிட்டது. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பொதுப் பாடமாக எழுந்த உயிரியல்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்கப் பள்ளியில் உயிரியல் என்றொரு தனிப்பாடம் பொதுவாக இருக்கவில்லை. தாவரவியல், விலங்கியல், உடற்றொழிலியல் என்பன வெவ்வேறாகக் கற்பிக்கப்பட்டன. உயிர்கள் அனைத்தையும் ஒரே விஞ்ஞானத்தின் கீழ்க் கொண்டுவரும் முயற்சி இங்கிலாந்தில் ரி. எச். ஹக்ஸ்லியினால் முன்னெடுக்கப்பட்டது. அவரும் எச். என். மார்ட்டினும் 1875 இல் வெளியிட்ட செய்முறை நூல் இதற்கு அடித்தளமிட்டது. மார்ட்டின் 1876 இல் பால்டிமோரிலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்றதோடு அம்மரபு அமெரிக்காவிலும் வேரூன்றியது.

ஹாவார்ட் பல்கலைக்கழகத் தலைவர் சார்ள்ஸ் எலியட்டின் தலைமையில் அமைந்த பதின்மர் குழு 1893 இல் தனது அறிக்கையை வெளியிட்டது. ஒரு பாடத்தைக் கற்கும் மாணவர் அனைவருக்கும், அவர் பல்கலைக்கழகம் செல்பவராயினும் செல்லாதவராயினும், அப்பாடம் ஒரே வகையிற் கற்பிக்கப்பட வேண்டும் என அக்குழு விதந்துரைத்தது. அன்று உயர்நிலைப் பள்ளிக்குச் சென்றோர் மிகச் சிலரே என்பதையும் நாம் மனங்கொள்ளல் வேண்டும். 1890 இல் அரசாங்க உயர்நிலைப் பள்ளிகளிற் கற்றோர் சுமார் 2 இலட்சம் பேர். 1920 இல் இத்தொகை சுமார் 22 இலட்சமாகவும், 1940 இல் சுமார் 66 இலட்சமாகவும் உயர்ந்தது. குடியேறியோரின் பிள்ளைகளும் தொழிலாளரின் பிள்ளைகளும் பள்ளியினுள் நுழைந்தமையே இப்பெருக்கத்தின் சமூகப் பொருளாகும்.

ஒருங்கிணைந்த உயிரியற் பாடம் இச்சூழலிலேயே உருப்பெற்றது. நியூயோர்க்கில் 1897 இல் தொடங்கப்பட்ட டிவிட் கிளின்டன் உயர்நிலைப் பள்ளி இதில் முக்கிய இடம் வகித்தது. அங்கு உயிரியற் பகுதிக்குத் தலைமை தாங்கிய ஹென்றி லின்வில் பின்னர் ஆசிரியர் தொழிற்சங்க இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவராகி, 1931 முதல் 1934 வரை அமெரிக்க ஆசிரியர் சம்மேளனத்தின் தலைவராகவும் இருந்தார். நெருக்கடிமிக்க நகரத்தில் வாழ்ந்த மாணவருக்கு உணவு, குடிநீர், பற்றீரியா, தொற்றுநோய் ஆகியனபற்றிய அறிவு நாளாந்தத் தேவையாயிற்று. உயிரியல் இவ்வாறு எல்லோருக்கும் உரிய குடிமைக் கல்வியாகத் தோன்றியது.

2. பாடநூலும் நுண்மதிச் சோதனையும்

அப்பள்ளியிற் கற்பித்த ஜோர்ஜ் வில்லியம் ஹண்டர் 1914 இல் ‘குடிமை உயிரியல்’ என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு பாடநூலை வெளியிட்டார். டெனசி மாநிலத்தின் டேற்றன் நகரில் 1925 ஜூலையில் நடைபெற்ற ஸ்கோப்ஸ் வழக்கினால் உலகறிந்த நூல் இதுவேயாகும். மனிதன் கீழ்நிலை விலங்குகளிலிருந்து தோன்றினான் எனக் கற்பிப்பதை அவ்வாண்டு மார்ச்சில் நிறைவேறிய சட்டம் தடைசெய்திருந்தது. அதனை மீறியதற்காக ஜோன் ஸ்கோப்ஸுக்கு 100 டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. நடைமுறைத் தவறொன்றைக் காரணங்காட்டி மாநில உயர்நீதிமன்றம் 1927 இல் அத்தீர்ப்பை நீக்கியது. சட்டமோ 1967 வரை நிலைத்திருந்தது.

இவ்வழக்கை விஞ்ஞானத்துக்கும் மூடநம்பிக்கைக்கும் இடையிலான போராகக் காண்பது முற்போக்காளர் மரபு. அந்நோக்கில் உண்மை உண்டு; ஆனால் அது முழுமையன்று. கூர்ப்பைக் கற்பித்த அதே ஹண்டரின் நூல் மனிதரை ஐந்து இனங்களாக வகுத்து, வெள்ளையரை அவற்றுள் உயர்ந்தோராக வைத்தது. வறுமை, குற்றம், மந்தபுத்தி என்பன சில குடும்பங்களிற் பரம்பரையாக வருவன எனக் கூறியது; அத்தகையோர் இனம் பெருக்குவதைத் தடுக்க வேண்டும் என்ற இனமேம்பாட்டுவாதத்தையும் போதித்தது. இது ஹண்டரின் தனிப்பட்ட கருத்து மட்டுமன்று. அக்காலப் பல்கலைக்கழகங்களிற் செல்வாக்குப் பெற்றிருந்த கோட்பாடாகும். கட்டாயக் கருத்தடையை 1927 இல் ஐக்கிய அமெரிக்க உயர்நீதிமன்றமே பக் எதிர் பெல் வழக்கில் ஏற்றுக்கொண்டது. இருபதாம் நூற்றாண்டில் 60,000 க்கு மேற்பட்டோர் இத்தகைய சட்டங்களுக்குப் பலியாயினர்.

வழக்கின் பின்னர் பாடநூல்களிலிருந்து நீக்கப்பட்டது எது என்பது இவ்விடத்திற் கவனத்துக்குரியது. 1926 இல் வெளிவந்த ஹண்டர் நூலின் புதிய பதிப்பிற் கூர்ப்பு என்ற சொல் கைவிடப்பட்டது. ட்ரூமன் மூன் 1921 இல் வெளியிட்ட பாடநூலின் முகப்பிலிருந்த டார்வின் படமும் பிந்திய பதிப்பில் அகற்றப்பட்டது. இனமேம்பாட்டுவாதத்துக்கோ அன்று அத்தகைய தடை எதுவும் எழவில்லை.

இதே காலத்தில் பள்ளி அமைப்பிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக உளவியலாளர் லூயிஸ் டேர்மன் பினேயின் நுண்மதிச் சோதனையை அமெரிக்காவுக்கு ஏற்ப மாற்றி 1916 இல் வெளியிட்டார். முதலாம் உலகப் போர்க்காலத்தில் ஏறத்தாழ 17 இலட்சம் படையினர் இத்தகைய சோதனைகளுக்கு உட்படுத்தப்பட்டனர். போர் முடிந்ததும் அம்முறை பள்ளிகளினுட் புகுந்தது. டிட்ரோயிட் நகரம் 1920 இல் சோதனைப் புள்ளிகளின்படி பிள்ளைகளை மூன்று பிரிவுகளாக வகுத்தது. பெருகிவரும் மாணவர் தொகையை நிர்வகிக்க இது வசதியாயிருந்தது. பிறவியிலேயே ஆற்றல் தீர்மானிக்கப்படுகின்றது என்ற நம்பிக்கை அந்நிர்வாக வசதிக்கு விஞ்ஞானப் போர்வையை அளித்தது. உயிரியல் வகுப்பிற் போதிக்கப்பட்ட கோட்பாடு, மாணவர் எந்த வகுப்பில் அமரவேண்டும் என்பதையும் தீர்மானிக்கத் தொடங்கியது எனலாம்.

3. கெடுபிடிப் போரும் புதிய உயிரியலும்

இரண்டாம் உலகப் போரின் பின்னர் தரப்பிரிப்புக்குப் புதியதொரு நியாயம் கிடைத்தது. அது தேசிய பாதுகாப்பு. போர்ட் மன்றத்தின் நிதியாதரவுடன் தொடங்கிய உயர்நிலைப் பாடநெறித் திட்டத்தைக் கல்லூரி நுழைவுச் சபை பொறுப்பேற்று, 1956 இல் அதன் பரீட்சையை நடத்தியது. அவ்வாண்டு 104 பள்ளிகளைச் சேர்ந்த 1,229 மாணவரே தோற்றினர். 1957 ஒக்டோபர் 4 இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியது. அடுத்த ஆண்டிலேயே தேசிய பாதுகாப்புக் கல்விச் சட்டம் நிறைவேறியது. ஹாவார்ட்டின் முன்னாள் தலைவர் ஜேம்ஸ் கொனன்ற் 1959 இல் வெளியிட்ட அறிக்கை, பாடவாரியாக ஆற்றலுக்கேற்ப மாணவரைப் பிரிக்க வேண்டும் எனவும், மேல்நிலையிலுள்ள ஏறத்தாழ 15 வீதத்தினருக்குக் கடினமான பாடநெறி வேண்டும் எனவும் கூறியது.

1958 இல் தேசிய விஞ்ஞான மன்றத்தின் நிதியுடன் உயிரியற் பாடவிதான ஆய்வுக் குழு அமைக்கப்பட்டது. கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் 1960 கோடையில் ஆய்வாளரும் பள்ளி ஆசிரியரும் ஒன்றுகூடிப் பாடநூல்களை எழுதினர். மூலக்கூற்று உயிரியலை முதன்மைப்படுத்திய நீல நூல், சூழலியலை முதன்மைப்படுத்திய பச்சை நூல், கலத்தையும் விருத்தியையும் முதன்மைப்படுத்திய மஞ்சள் நூல் என மூன்று 1963 இல் வெளிவந்தன. மூன்றிலும் கூர்ப்பு மீண்டும் மையக் கருத்தாயிற்று. சிக்காகோவைச் சேர்ந்த ஜோசப் சுவாப் ஆசிரியர் கைந்நூலில் 44 விசாரணைப் பயிற்சிகளைச் சேர்த்தார். விஞ்ஞானம் என்பது முடிந்த முடிபுகளின் தொகுதியன்று, வினவும் முறை என்பதே அவற்றின் அடிப்படை.

இது மெய்யான முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இத்திட்டமும் படிநிலையொன்றைக் கொண்டிருந்தது. மூன்று நூல்களும் பத்தாம் தரத்துக்குரியன. அவற்றுக்கு மேலே, பரிசோதனையும் கருத்தும் எவ்வாறு ஒன்றையொன்று வளர்க்கின்றன என்பதை ஆராயும் இரண்டாம் நிலைப் பாடநூல் 1965 இல் வந்தது. அவற்றைக் கற்க இயலாதோர் எனக் கருதப்பட்ட மாணவருக்கு 1966 இல் வேறொரு நூல் வந்தது. பின்தங்கியோரையும் மறவாது நூல் எழுதியமை பாராட்டுக்குரியது. ஆனால் வினவும் முறையின் முழுமை மேல்நிலையினருக்கே வாய்த்தது. விஞ்ஞானியாக வரப்போகின்றவர் வினவட்டும், மற்றையோர் அறிந்துகொண்டாற் போதும் என்ற பாகுபாடு இதன்வழி உறுதிப்பட்டது.

4. வாசிங்டன் வழக்கு

தரப்பிரிப்பின் சமூக முகம் தலைநகரில் வெளிப்படையாயிற்று. 1954 இல் இனப்பிரிப்புப் பள்ளிகளை உயர்நீதிமன்றம் சட்டவிரோதமாக்கியதும் வாசிங்டன் நகரப் பள்ளிகள் ஒன்றிணைக்கப்பட்டன. அடுத்த சில ஆண்டுகளில், 1956 முதல், அந்நகர உயர்நிலைப் பள்ளிகளில் நான்கு தடங்கள் உருவாயின. அவற்றுள் மேலானது ‘ஓனர்ஸ்’ தடம். கீழானது அடிப்படைத் தடம். கற்றலிற் பின்தங்கியோருக்கு அவர்தம் நிலையிலிருந்தே கற்பிக்க வேண்டும் என்பது இம்முறையை வகுத்த கார்ல் ஹான்சனின் வாதம்.

குடியுரிமைப் போராளி ஜூலியஸ் ஹொப்சன் இதனை நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றார். 1967 ஜூன் 19 இல் நீதிபதி ஸ்கெல்லி ரைட் அத்தடமுறையை ஒழிக்குமாறு தீர்ப்பளித்தார். தடத்தைத் தீர்மானித்த சோதனைகள் பெரும்பாலும் வெள்ளை மத்தியதர வர்க்கப் பிள்ளைகளை அளவுகோலாகக் கொண்டவை; எனவே அவை வறிய கறுப்பினப் பிள்ளையின் பிறவி ஆற்றலை அளக்கவில்லை, அப்பிள்ளைக்குக் கிடைத்த வாய்ப்பையே அளந்தன என்பது அத்தீர்ப்பின் சாரம். கீழ்த்தடத்துக்கு அனுப்பப்பட்ட மாணவன் குறைந்த கல்வியைப் பெற்றான். குறைந்த கல்வி பெற்றமையால் அடுத்த சோதனையிலும் பின்தங்கினான். அப்பின்னடைவு பின்னர் அவனது இயல்பு எனக் கொள்ளப்பட்டது.

அடுத்த ஆண்டு, 1968 இல், ஆர்கன்சாஸ் மாநிலத்தின் கூர்ப்புத் தடைச் சட்டத்தை உயர்நீதிமன்றம் நீக்கியது. அவ்வழக்கைத் தொடுத்த உயிரியல் ஆசிரியை சூசன் எப்பர்சன், லிட்டில் றொக் மத்திய உயர்நிலைப் பள்ளியிற் கற்பித்தவர். 1957 இல் ஒன்பது கறுப்பின மாணவர் படைவீரரின் பாதுகாப்புடன் நுழைந்ததும் அதே பள்ளியினுள்ளேதான். கற்பிக்கப்படுவது எது, அதனைக் கற்க வாய்ப்புப் பெறுபவர் யாவர் என்னும் இரு வினாக்களும் ஒரே கட்டடத்தினுள் எழுந்தன. முதலாவதற்குக் கிடைத்த தெளிவான விடை இரண்டாவதற்குக் கிடைக்கவில்லை. வாசிங்டன் தீர்ப்பு ஒரு நகரத்தின் தடமுறையை ஒழித்தது. ஆனால் நாடெங்கும் பாடவாரியான சிறப்பு வகுப்புகள் தொடர்ந்தன. ஜீனி ஓக்ஸ் 25 பள்ளிகளை ஆராய்ந்து 1985 இல் வெளியிட்ட நூல், மேல்நிலை வகுப்புகளிற் சிந்தனைத் திறனும் கீழ்நிலை வகுப்புகளிற் பணிந்து நடத்தலும் பயிற்சிநூல் நிரப்புதலும் அழுத்தம் பெற்றதைக் காட்டியது.

5. உயிரியல் அளித்த மறுப்பு

இக்காலத்தினுள் உயிரியலின் நிலைப்பாடு பெரிதும் மாறிவிட்டது. எடின்பரோ மரபியல் மாநாட்டை ஒட்டி 1939 இல் வெளியான மரபியலாளர் அறிக்கை, எல்லோருக்கும் ஏறத்தாழச் சமமான சமூக, பொருளாதார வாய்ப்புக் கிடைக்கும்வரை மனிதரின் பிறவித் தகுதிகளை ஒப்பிட முடியாது எனக் கூறியது. அதனை வரைந்தவர் எச். ஜே. முல்லர். பாடவிதானக் குழுவிலும் பங்குகொண்ட அவர், மனிதப் பரம்பரையைத் திட்டமிட்டு மேம்படுத்தலாம் என்ற நம்பிக்கையை இறுதிவரை கைவிடாதவர். அத்தகைய ஒருவரே சமவாய்ப்பை முன்நிபந்தனையாக வைத்தமை குறிப்பிடத்தக்கது. 1972 இல் ரிச்சர்ட் லெவொன்ரின், மனித மரபணு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 வீதம் ஒவ்வொரு மக்கட் குழுவினுள்ளும் காணப்படுவது என நிறுவினார். மனித இனங்களை உயர்வு தாழ்வாக அடுக்கிய ஹண்டரின் பாடநூலுக்கு உயிரியல் அளித்த விடை இதுவாகும்.

ஆற்றலும் ஆர்வமும் மாணவரிடையே வேறுபடுவதை நாம் மறுக்கவில்லை. ஆழமான கல்வியை விரும்பும் மாணவனுக்கு அது கிடைக்க வேண்டும். அதற்காக மற்றையோரை முன்கூட்டியே பிரித்தனுப்ப வேண்டுமா என்பதே வினா. இலினோய் மாநிலத்தின் எவன்ஸ்டன் உயர்நிலைப் பள்ளி 2012 இல் ஒன்பதாம் தர உயிரியலில் மாணவரை ஒரே வகுப்பிற் சேர்த்தது. முன்னைய சோதனைப் புள்ளியைக் கொண்டு சிறப்புத் தகுதியை வழங்காது, அவ்வகுப்பில் மாணவர் செய்யும் வேலையைக் கொண்டு அதனை ஈட்டும் முறை அங்கு ஏற்பட்டது. இத்தகைய முயற்சிகள் இன்னும் விவாதத்துக்குரியனவே. ஆயினும் சிறப்பு என்பதைப் பிறவிக்குணமாகக் கொள்ளாது, கற்றலின் பயனாகக் கொள்ளும் பார்வையை அவை முன்வைக்கின்றன.

உயர்நிலை உயிரியற் பரீட்சைக்கு இன்று ஆண்டுதோறும் 2 இலட்சத்துக்கு மேற்பட்டோர் தோற்றுகின்றனர். சிறப்பு வகுப்பு வளர்ந்துள்ளது என்பதற்கு இது சான்று. அதன் கதவு எல்லோருக்கும் சமமாகத் திறந்துள்ளது என்பதற்கு இது சான்றாகாது. கூர்ப்பைப் பாடநூலினுள் மீண்டும் கொணர நாற்பதாண்டு காலப் போராட்டம் தேவைப்பட்டது. அப்பாடத்தை வினவிக் கற்கும் உரிமையை ஒவ்வொரு மாணவருக்கும் உரியதாக்கும் போராட்டம் அதனிலும் நீண்டது. அது இன்னும் முடிவுறவில்லை.