டிரக் கேம்பரும் பிக்கப் வண்டியின் பின்புற ஸ்பிரிங்கும்

பிக்கப் வண்டியின் திறந்த சரக்குத் தொட்டியில் ஏற்றி வைக்கவும், வேண்டாதபோது இறக்கி வைக்கவும் கூடிய சிறு வீட்டுக் கூண்டு அமெரிக்காவில் டிரக் கேம்பர் எனப்படுகிறது. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி ஆகியவை அதனுள் இருக்கும். பெரிய வகைகளில் கழிப்பறையும் உண்டு. கேரவனை வண்டியின் பின்னால் இழுத்துச் செல்வார்கள். கேம்பரோ தன் முழு எடையையும் வண்டியின் மீதே, அதிலும் பெரும்பகுதியைப் பின் அச்சின் மீது வைக்கிறது. இதனால் கேம்பர் வாங்கியவர்கள் தொடக்கம் முதலே பின்புற ஸ்பிரிங்கைப் பற்றி யோசிக்க வேண்டியிருந்தது.

தொடக்கம்

பட்டை ஸ்பிரிங் மோட்டார் வாகனத்தைவிட மூத்தது. இங்கிலாந்தில் ஒபடையா எலியட் என்பவர் 1804-இல் குதிரை வண்டிக்கான நீள்வட்டப் பட்டை ஸ்பிரிங்குக்குக் காப்புரிமை பெற்றார். ஃபோர்டு நிறுவனம் 1925-இல் மாடல் டி காரில் சரக்குத் தொட்டி பொருத்தி, ஆலையிலிருந்தே பிக்கப்பாக விற்கத் தொடங்கியது. அந்த வண்டிகள் விவசாயியின் மூட்டைகளையும் வைக்கோலையும் மனத்தில் கொண்டு செய்யப்பட்டவை. மூட்டை தாழ்வாகக் கிடக்கும், மாலைக்குள் இறங்கிவிடும். கேம்பர் உயரமாக நிற்கும், வாரக்கணக்கில் இறங்காது, பக்கக் காற்றையும் வாங்கிக்கொள்ளும். பழைய ஸ்பிரிங்குக்கு இது பழகாத சுமை.

இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் கலிபோர்னியாவிலும் மிச்சிகனிலும் கேம்பர் கட்டுவோர் தோன்றினர். 1948-இல் அலாஸ்கா நெடுஞ்சாலை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபின், வேட்டைக்கும் மீன்பிடிக்கும் நெடுந்தொலைவு செல்வோரிடையே இக்கூண்டுகள் பரவின.

இக்காலத்துக் கேம்பர்களில் உலகறிந்தது எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக்கினுடையது. 1960-இல் அவர் ஜிஎம்சி பிக்கப் ஒன்றில் கேம்பர் ஏற்றி, சார்லி என்ற நாயுடன் அமெரிக்காவைச் சுற்றி வந்தார். வண்டிக்கு டான் குயிக்சோட்டின் குதிரையான ரோசினாந்தேயின் பெயரை வைத்தார். 1962-இல் வெளியான பயண நூலில், தேவைக்கு மேல் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டதை அவரே சொல்கிறார். படிக்காமல் விட்டிருந்த புத்தகங்கள் மட்டும் 150 பவுண்டு, அதாவது 68 கிலோ. ஓரேகானில் மழைநாளொன்றில் டயர் வெடித்து அவர் சேற்றில் அவதிப்பட்டதும் அந்நூலில் இருக்கிறது. கேம்பர்காரர்கள் இன்றும் செய்யும் தவறு இதுதான். கூண்டின் எடையைக் கணக்கில் கொள்வார்கள். உள்ளே ஏற்றும் பொருளின் எடையை மறப்பார்கள். அந்த வண்டி இப்போது கலிபோர்னியாவின் சலினாஸ் நகரிலுள்ள ஸ்டைன்பெக் மையத்தில் உள்ளது.

ஆலைகளின் பதில்

1960களில் பிக்கப் நிறுவனங்களே "கேம்பர் ஸ்பெஷல்" என்ற பெயரில் கடினமான ஸ்பிரிங், தடித்த டயர் முதலியவற்றைத் தொகுத்து விற்றன. செவ்ரலே அப்போது ஒரு விசித்திரமான நிலையில் இருந்தது. 1960 மாதிரியிலிருந்து அதன் இலகு வகைப் பிக்கப்களின் பின்புறத்தில் பட்டைக்குப் பதில் சுருள் ஸ்பிரிங் வந்திருந்தது. வெறும் வண்டியாக ஓட்டும்போது அது மெத்தென்று இருந்தது. கேம்பர் ஏற்றுவோருக்குத் துணை ஸ்பிரிங் தேவைப்பட்டது. 1973 மாதிரியில் நிறுவனம் பட்டைக்கே திரும்பியது.

ஸ்பிரிங்கைத் தடிப்பாக்குவதைவிட நுட்பமான வழி அச்சின் இடத்தை மாற்றுவது. 1969-இல் வந்த செவ்ரலே லாங்ஹார்னில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம் 127 அங்குலத்திலிருந்து 133 ஆகியது. ஃபோர்டு 1973-இல் தன் சூப்பர் கேம்பர் ஸ்பெஷலில் அதை 140 அங்குலமாக்கியது. பயன் என்ன என்பதை ஓர் எளிய கணக்கு காட்டும். 1,000 கிலோ கேம்பரின் எடை மையம் பின் அச்சுக்கு 6 அங்குலம் பின்னால் விழுந்தால், 133 அங்குல வண்டியில் முன் அச்சிலிருந்து 45 கிலோ குறைந்துவிடும். பின் அச்சு 1,045 கிலோ சுமக்கும். ஸ்டியரிங் லேசாகி வண்டி அலையும். அதே மையம் 6 அங்குலம் முன்னால் இருந்தால் முன் அச்சுக்கு 45 கிலோ கூடும். எவ்வளவு நல்ல ஸ்பிரிங் போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது.

1970களில் அமெரிக்க அரசின் வாகனப் பாதுகாப்பு விதிகளிலும் இது இடம்பெற்றது. கேம்பரின் எடையை அதன் மீதே எழுத வேண்டும். எடை மையம் எந்த எல்லைக்குள் விழ வேண்டும் என்பதை வண்டி நிறுவனம் வாங்குவோருக்குத் தெரிவிக்க வேண்டும். அப்போது அவ்விதியின் எண் 126. பின்னர் அதே எண் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாட்டு விதிக்குப் போய்விட்டது.

துணைப் பொருள்களும் தேர்வும்

ஆலைக்கு வெளியே தனிச் சந்தை ஒன்று வளர்ந்தது. மிச்சிகனில் 1949-இல் தொடங்கிய ஏர் லிஃப்ட் நிறுவனம் ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றுப்பையை விற்றது. கூடுதல் பட்டை, ரப்பர்க் கட்டை, சாய்வுத் தடுப்புக் கம்பி ஆகியவையும் கிடைத்தன. இவை ஒன்றுக்கொன்று மாற்று அல்ல; ஒவ்வொன்றும் வேறு நோய்க்கான மருந்து.

வண்டியின் பின்புறம் தாழ்ந்தால் காற்றுப்பையோ கூடுதல் பட்டையோ உதவும். பட்டையைச் சேர்த்தால் கேம்பரை இறக்கிய பிறகும் வண்டி தூக்கிப் போடும். காற்றை வெளியேற்றிவிடலாம் என்பதே பையின் வசதி. ஆனால் இரண்டு பைகளையும் ஒரே குழாயில் இணைத்தால், வளைவில் அழுந்தும் பக்கத்துக் காற்று மறுபக்கம் ஓடிச் சாய்வைக் கூட்டும். ஆகவே பக்கத்துக்கு ஒரு குழாய் வேண்டும். பல பிக்கப்களில் பட்டைக் கட்டின் மேல், கனச் சுமையில் மட்டும் தொடும் துணைப்பட்டை ஏற்கெனவே உண்டு. அது முன்கூட்டியே தொடும்படி இடைவெளியில் ஒரு கட்டையை வைப்பதே செலவு குறைந்த திருத்தம். பக்கவாட்டில் ஆடினால் சாய்வுத் தடுப்புக் கம்பி. மேடு கடந்தபின் குதிப்பு அடங்காவிட்டால் ஷாக் அப்சார்பர். அதற்குக் காற்றுப்பை வாங்குவது வீண் செலவு.

இவற்றில் எதுவும் வண்டியின் அனுமதிக்கப்பட்ட எடையை உயர்த்துவதில்லை. கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் எண் அப்படியே நிற்கும். டயர், சக்கரம், அச்சு, சட்டம், பிரேக் எல்லாம் பழையனவே. எல்டி245/75ஆர்16 அளவுள்ள, ஈ வகைச் சுமைக்குரிய டயர், 80 பவுண்டு காற்றழுத்தத்தில் 3,042 பவுண்டு தாங்கும். இரண்டும் சேர்ந்தால் ஏறத்தாழ 2,760 கிலோ. பின்புறம் நிமிர்ந்து நிற்பதால் சுமை குறைந்துவிட்டதாகத் தோன்றும். டயருக்கு அது தெரியாது. அதனால்தான் அனுபவசாலிகள் தண்ணீர், எரிவாயு, ஆட்கள், பெட்டிகள் எல்லாவற்றையும் ஏற்றி, எடை மேடையில் ஒவ்வோர் அச்சையும் தனியாக நிறுத்திப் பார்த்த பிறகே கடைக்குப் போகிறார்கள்.

சுருள் ஸ்பிரிங் விவாதம் 2014-இல் மறுபடி எழுந்தது. அவ்வாண்டு ராம் 2500 பிக்கப்பின் பின்புறத்தில் சுருள் வந்தது. அதிக எடை சுமக்கும் ராம் 3500 பட்டையிலேயே நின்றது. கனமான கேம்பர் வாங்குவோர் பலர் இன்றும் இரண்டாவதையே கேட்டு வாங்குகிறார்கள்.