இருபது செம்மறிகளும் ஒரு மெதுவான வைரசும்

1933ஆம் ஆண்டு ஐஸ்லாந்துக்காரர் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து 20 கரகுல் செம்மறிகளை இறக்குமதி செய்தார்கள். குட்டித் தோலுக்குப் பேர்போன இனம். இரண்டு மாதம் தனிமைப்படுத்தி வைத்துப் பார்த்தார்கள். ஒரு குறையும் தெரியவில்லை. பிறகு நாட்டின் பல பண்ணைகளுக்கும் பிரிச்சுக் கொடுத்துவிட்டார்கள்.

சில வருசங்களில் உள்ளூர் ஆடுகள் சாகத் தொடங்கின. சிலதுக்கு மூச்சிரைப்பு, அதை மேடி எண்டு சொன்னார்கள். வேறு சிலதுக்குப் பின்னங்கால் தளர்ந்து, உதடு நடுங்கி, உடம்பு மெலிஞ்சு, கடைசியில் எழும்பவே ஏலாமல் போனது. அதுக்குப் பேர் விஸ்னா. அந்த மொழியில் வாடிப்போதல் எண்டு அர்த்தம். நல்லாயிருந்த வந்தேறி ஆடுகள் கொண்டுவந்த நோய்தான் இது எண்டு விளங்கவே கனகாலம் எடுத்தது. மேடியால் மட்டும் ஒரு இலட்சத்துக்கு மேல் ஆடுகள் செத்தன. நோயை ஒழிக்க ஆறரை இலட்சம் அளவில் வெட்டினார்கள். மீன்பிடியும் ஆடும்தான் சோறு போட்ட ஒரு சின்னத் தீவில் இது எப்படிப்பட்ட அடி எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

ஆட்டு வருத்தத்துக்கும் மனிசருக்கும் என்ன தொடர்பு எண்டு கேட்பீங்கள். கெல்துர் ஆய்வு நிலையத்தில் வேலை செய்த ப்யோர்ன் சிகுர்ட்சன் விஸ்னா ஆடுகளின் மூளையை வெட்டிப் பார்த்தபோது, நரம்பைச் சுற்றியிருக்கும் மயலின் உறை அழிந்திருந்தது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயிலும் அழிவது அதே உறைதான். நோயுற்ற மூளையின் சாற்றை நல்ல ஆட்டின் மூளைக்குள் ஊசியால் ஏற்றிவிட்டு, அவரும் கூட்டாளிகளும் காத்திருந்தார்கள். நாட்கணக்கில் இல்லை, மாதக்கணக்கில், சிலவேளை வருசக்கணக்கில். நோய் வந்தது. (அந்த ஆடுகளின் பக்கத்திலிருந்து இந்தக் கதையை ஒருத்தரும் எழுதவில்லை.)

1954இல் லண்டனில் ஆற்றிய விரிவுரைகளில் சிகுர்ட்சன் இதுக்கு ஒரு பெயர் வைத்தார்: மெதுவான தொற்று. கிருமி உள்ளே போய் நெடுங்காலம் சத்தமில்லாமல் இருக்கும். வெளிப்பட்ட பிறகு விடாமல் நகர்ந்து முடிவுக்குக் கொண்டுபோகும். காய்ச்சல் எண்டால் ஒரு கிழமைக்குள்ள தெரிஞ்சிடும் எண்டு நம்பியிருந்த மருத்துவத்துக்கு இது பெரிய திருப்பம். என்னைக் கேட்டால், பாடப்புத்தகங்கள் இந்த மனுசனுக்குப் போதிய இடம் கொடுக்கவில்லை. 1959இல், 46 வயதில் இறந்துபோனார்.

எம்.எஸ். ஆய்வாளர்கள் இதைப் பிடித்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை. தென்னாபிரிக்காவுக்குக் குடிபெயர்ந்த பிரித்தானியருக்கு, அங்கேயே பிறந்த வெள்ளையரைவிட எம்.எஸ். அதிகம் வருவதை ஜெப்ரி டீன் காட்டியிருந்தார். இளம் வயதில் எங்கேயோ தொற்றியது பிறகு வெளிவருகிறதோ? விஸ்னா அதுக்கு அச்சு அசலான மாதிரியாகத் தெரிந்தது. இன்னொன்றும் தெரியவந்தது: ஆட்டின் நோயெதிர்ப்பை மருந்தால் அடக்கினால் மூளையில் புண் குறைந்தது. சேதத்தில் பெரும்பங்கு வைரசுடையது இல்லை, அதை எதிர்க்கப் போன உடம்பினுடையது.

ஆனால் எம்.எஸ். நோயாளிகளிடம் விஸ்னா போன்ற வைரஸ் ஒன்றும் உறுதியாகப் பிடிபடவில்லை. விஸ்னாவின் உறவு வேறு பக்கத்தில் வந்தது. 1980களில் எயிட்ஸ் வைரசைக் கண்டுபிடித்தபோது, அது இந்த ஆட்டு வைரசின் குடும்பம் எண்டு தெரிந்தது. எம்.எஸ்.ஸுக்காகத் தேடிவைத்த அறிவு எயிட்ஸை விளங்கிக்கொள்ள உதவியது.

எம்.எஸ். பற்றிய வலுவான சான்று 2022இல்தான் வந்தது, அதுவும் ஆட்டிடமிருந்து இல்லை. ஒரு கோடிக்கு மேற்பட்ட அமெரிக்கப் படையினரின் பதிவுகளையும் அவர்களிடம் சேமித்து வைத்திருந்த இரத்தத்தையும் ஆராய்ந்தபோது, எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றிய பிறகு எம்.எஸ். ஆபத்து 32 மடங்கு கூடியிருந்தது. அந்த வைரஸ் மனிதரையே இருப்பிடமாகக் கொண்டது. சாதாரண எலிக்குத் தொற்றாது. அதனால் இப்போது ஆய்வுகூடங்களில் மனித நோயெதிர்ப்புக் கலங்களை எலிக்குள் வளர்த்து, பிறகுதான் வைரசை ஏற்றுகிறார்கள்.