எமிஸ்: தமிழ்நாட்டு மாணவர் தரவுத்தளம்

எமிஸ் என்பது தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறையின் கல்வி மேலாண்மைத் தகவல் முறைமை. அரசு, அரசு உதவிபெறும், தனியார் பள்ளிகளின் மாணவர் ஒவ்வொருவருக்கும் தனி எண் கொடுத்து, சேர்க்கை முதல் பள்ளி முடிக்கும் வரையிலான விவரங்களை இது தொகுக்கிறது. தொழிலுக்காகக் குடும்பங்கள் இடம்பெயரும் விருதுநகர் மாவட்டத்தில், ஒரு குழந்தை படிப்பைத் தொடர்கிறதா, நின்றுவிட்டதா என்பதை அறிய இது முதன்மையான கருவி.

பின்னணி

இம்மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பகுதிகளின் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் ஒரு காலத்தில் குழந்தைகள் பெருமளவில் வேலை செய்தனர். தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் 1988இல் தொடங்கியபோது சிவகாசியும் அதில் இடம்பெற்றது. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர்கள் குறித்து வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நலநிதியில் செலுத்த வேண்டும், குழந்தைத் தொழிலாளர்களை ஆறு மாதங்களுக்குள் கணக்கெடுக்க வேண்டும் என்று அது ஆணையிட்டது. யார் பள்ளியில் இல்லை என்று தெரியாமல் யாரையும் மீட்க முடியாது என்பதே அந்த ஆணையின் சாரம்.

அன்றைய பள்ளித் தரவுகள் இதற்குப் போதவில்லை. 1994இல் தொடங்கிய மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்தையொட்டி உருவான 'டைஸ்' என்னும் பள்ளித் தரவு முறை, பின்னர் 'யூடைஸ்' ஆக விரிந்தது. செப்டம்பர் 30 நிலவரப்படி வகுப்புக்கு எத்தனை பேர் என்ற தொகையைத்தான் அது கேட்டது, பெயர்களைக் கேட்கவில்லை. ஐந்தாம் வகுப்பில் 30 பேர், அடுத்த ஆண்டு ஆறாம் வகுப்பில் 26 பேர் என்றால், குறைந்த நால்வர் யார் என்பதற்கு அதில் விடை இல்லை. அந்த இடைவெளியை நிரப்ப, 2012இல் தமிழ்நாடு ஒவ்வொரு மாணவருக்கும் தனிப் பதிவைத் தொடங்கியது.

செயல்படும் முறை

மாணவருக்கு எமிஸ் எண் இருப்பதுபோல், ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க யூடைஸ் எண் உண்டு. முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்தடுத்த இலக்கங்கள் மாவட்டம், ஒன்றியம், ஊர், பள்ளி என்று இறங்கும்.

விருதுநகர் மாவட்டத்தின் 11 ஊராட்சி ஒன்றியங்களுள் ஒன்றான காரியாபட்டி, மதுரை–அருப்புக்கோட்டை சாலையில், மதுரை மாவட்ட எல்லையை ஒட்டி உள்ளது. இந்த ஒன்றியத்தில் ஒரு மாணவி ஐந்தாம் வகுப்பு முடித்ததும் அவள் குடும்பம் சிவகாசிக்குக் குடிபெயர்கிறது என்று கொள்வோம். தலைமையாசிரியர் எமிஸ் வழியே மாற்றுச் சான்றிதழ் (டி.சி.) கொடுத்ததும் அவள் பெயர் பள்ளிப் பட்டியலிலிருந்து நீங்கி, ஆசிரியர்கள் 'காமன் பூல்' என்றே சொல்லும் பொதுத் தொகுப்புக்குப் போகும். புதிய பள்ளி அவளுடைய எமிஸ் எண்ணைக் கொண்டு அவளைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். சேர்க்காவிட்டால் பெயர் தொகுப்பிலேயே கிடக்கும். அப்படித் தேங்கும் பெயர்களை வைத்துத்தான் ஆசிரியர்களும் ஆசிரியர் பயிற்றுநர்களும் வீடு தேடிப் போகிறார்கள்.

பயன்கள்

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022இல் தொடங்கியது. இவற்றுக்குப் படித்த பள்ளிகளின் தொடர் வரலாறு அடிப்படை, அது எமிஸ் பதிவில் உள்ளது. ஆகவே பெயரிலோ பிறந்த தேதியிலோ ஓர் எழுத்துப் பிழைகூட ஒரு குடும்பத்தை அலையவைக்கும்.

மாநிலங்களிடையே பகிர்வு

மாநிலத் தரவுத்தளத்தின் எல்லை மாநில எல்லையோடு முடிகிறது. வெளிமாநிலத்திலிருந்து வரும் தொழிலாளர் குழந்தைக்கு எமிஸில் முந்தைய பதிவு இராது. 2022-23 முதல் 'யூடைஸ் பிளஸ்' நாடு முழுவதும் மாணவர்வாரியாக விவரம் திரட்டி, நிரந்தரக் கல்வி எண் வழங்குகிறது. ஆதாரோடு இணைந்த 12 இலக்க 'அபார்' எண் 2023இல் அறிமுகமானது. அதற்குப் பெற்றோர் ஒப்புதல் தேவை. எந்த எண்ணும் இல்லையென்றாலும் குழந்தையைத் திருப்பி அனுப்பக் கூடாது: டி.சி. தாமதத்தைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம்.

தனியுரிமையும் பணிச்சுமையும்

மாணவர் தரவு பெற்றோரின் நம்பிக்கையின்றி நிலைக்காது. அமெரிக்காவில் பல மாநிலங்களின் மாணவர் தரவை ஒன்றாகச் சேமிக்க முனைந்த 'இன்புளூம்', சுமார் 10 கோடி டாலர் நிதி இருந்தும், பெற்றோர் எதிர்ப்பால் 2014இல் மூடப்பட்டது. இந்தியாவில் ஆதார் இல்லை என்பதற்காகப் பள்ளிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 18 வயதுக்குட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்.

பதிவேற்றும் வேலை கற்பிக்கும் நேரத்தைத் தின்கிறது என்பது ஆசிரியர் சங்கங்களின் நெடுநாள் குறை. அது நியாயமான குறை. ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிகளில் இணையம் வரும்வரை காத்திருப்பவரும் பாடம் நடத்த வேண்டியவரும் ஒருவரே.

மதிப்பீடு

தொகையை மட்டும் காட்டிய பழைய கணக்கில் நால்வர் குறைந்தார்கள் என்பது தெரிந்தது. எமிஸில் அந்த நால்வரின் பெயரும் தெரிகிறது. தெரிந்த பெயரைத் தேடி யாராவது அந்த வீட்டுக் கதவைத் தட்டினால்தான் பதிவு முழுமை பெறும். அந்த வேலையைக் கணினி செய்யாது. அதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும். இரண்டையும் பள்ளிகளுக்குத் தருவது அரசின் கடமை.