சியர்லீடிங் கையசைவுகள்

சியர்லீடிங் கையசைவுகள் என்பவை, மைதானத்தில் உற்சாகமூட்டும் குழுவினர் கோஷத்தின் தாளத்துக்கேற்பப் பிடிக்கும் கைநிலைகள். 1898 நவம்பர் 2 அன்று, மினசோட்டா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்தாட்டப் போட்டியொன்றில் ஜானி கேம்பல் என்ற மாணவர் கூட்டத்தின் முன்னே நின்று கோஷம் போடவைத்ததையே இதன் தொடக்கமாகச் சொல்வார்கள். சர்வதேச சியர் சங்கத்துக்கு ஒலிம்பிக் குழுவின் முழு அங்கீகாரம் 2021இல் கிடைத்தது.

முதற்பாடம் முட்டி பிடிப்பது. விரல்களை மடக்கி, பெருவிரலை அவற்றின் மேலே வெளிப்புறமாகப் படிய வைக்க வேண்டும், உள்ளே பொத்தக்கூடாது. முழங்கையிலிருந்து முட்டிவரை ஒரே கோடு. மணிக்கட்டு வளைந்தால் தூரத்தில் இருப்பவருக்குக் கை முறிந்ததுபோலத் தெரியும். கைகளைத் தோள் மட்டத்தில் பக்கவாட்டில் நீட்டினால் 'டீ'. அப்படியே முழங்கைகளை மடக்கி முட்டிகளை நெஞ்சருகே கொண்டுவந்தால் 'அரை டீ'. தலைக்கு மேலே சாய்வாக விரித்தால் 'மேல் வீ', கீழே விரித்தால் 'கீழ் வீ', காதோரம் நேரே உயர்த்தினால் 'டச்டவுன்'. நீட்டிய கைகள் உடம்புக்குச் சற்று முன்னால் நிற்க வேண்டும்: நேரே பார்த்தபடியே இரண்டு முட்டிகளும் ஓரக்கண்ணில் பட்டால் சரி.

இலங்கையின் கம்பளை நகரத்துப் பிள்ளைகளுக்கு, கைகளை இப்படித் தோள் மட்டத்தில் பிடித்து நிற்கும் வலு புதிதல்ல. முழங்கால்களை வெளிப்புறமாக மடக்கி, முழங்கைகளைத் தோள் மட்டத்துக்கு உயர்த்தி நிற்பதே கண்டிய நடனத்தின் அடிப்படை நிலை. அரை டீயின் நெருங்கிய உறவு. கம்பளையிலிருந்து ஆண்ட மூன்றாம் விக்கிரமபாகு 14ஆம் நூற்றாண்டில் எழுப்பிய எம்பெக்கே தேவாலயத்தின் மரத்தூண்களிலும் நடனமாதர் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். பரதம் பயிலும் பிள்ளையோ, நாட்டியாரம்பத்தில் முழங்கை தாழாமல் கைகளை நீட்டிப் பிடிப்பதையே முதலில் கற்கிறாள். அவள் மாற்ற வேண்டியது அழகாக வளையும் மணிக்கட்டையும் விரல் முத்திரையையும்தான். அந்த அழகை விடுவது, புதிதாகக் கற்பதைவிடக் கடினம்.

பள்ளி இல்ல விளையாட்டுப் போட்டிகளில் நடக்கும் உடற்பயிற்சிக் கண்காட்சியைப் போலவே, சியர்லீடிங் கையசைவுகளையும் எண்ணி எண்ணித்தான் செய்வார்கள். எட்டு எண்ணிக்கையில் ஒன்றுக்கு டீ, மூன்றுக்கு மேல் வீ, ஐந்துக்குக் கீழ் வீ, ஏழுக்குக் கைகள் பக்கத்தில். இடைப்பட்ட எண்களில் கை அசையாமல் நிற்க வேண்டும். என் கணிப்பில், வேகத்தைவிட அந்த நிறுத்தமே பயிற்சியின் உயிர். கண்ணாடி முன் மெதுவாக எண்ணிப் பழகி, கை ஆடாமல் நின்றபிறகே பாட்டைச் சேர்க்க வேண்டும்.