அடுப்படியில் பிறந்த ரப்பர்



தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒட்டுப்பால் பந்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பால் வெட்டிய கோட்டில் காய்ந்து நாடாவைப் போல ஒட்டிக்கொண்டிருக்கும் பாலை உரித்து, இழுத்து இழுத்து உருண்டையாகச் சுற்றினால் பந்து தயார். அது துள்ளுகிற துள்ளலுக்குக் கடைப்பந்து ஈடாகாது. ஆனால் வெயிலில் சற்று நேரம் வைத்துவிட்டால் பிசுபிசுவென்று ஆகிவிடும். மண், சருகு, சட்டை நூல், எல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். வாடை வேறு! கடைப்பந்து இப்படி ஆவதில்லையே, ஏன்?

சிறுபிள்ளைத்தனமான கேள்வியாகத் தோன்றலாம். இந்தக் கேள்விக்கு விடை தேடியே பெரிய பெரிய முதலாளிகள் கைப்பொருளை இழந்தார்கள். ஒருவர் சிறைக்கும் போனார். ஆய்வுக்கூடம் எதுவும் இல்லாமல், வீட்டு அடுப்படியிலும் கொல்லைப்புறத்திலும் கையால் செய்து பார்த்து, கெட்டுப் போனதைக் கையில் எடுத்து, "இது ஏன் கெட்டது?" என்று கேட்டவர்களின் வரலாற்றைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

ரப்பரை முதலில் அறிந்தவர்கள் அமெரிக்கக் கண்டத்தின் பூர்வகுடிகள். மெக்சிகோ நாட்டுச் சதுப்பு நிலத்திலிருந்து எடுக்கப்பட்ட ரப்பர் பந்துகள் சுமார் 3,600 ஆண்டுகள் பழமையானவை. அவர்கள் மரப்பாலோடு ஒருவகைக் கொடியின் சாற்றைக் கலந்து பந்தை உறுதியாக்கினார்கள் என்பதை 1999-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள். எந்தக் கொடி, எவ்வளவு சாறு என்பதை எத்தனை பந்துகளைக் கெடுத்துக் கற்றார்களோ! ஐரோப்பியர்கள் அங்கே போனபோது பந்தைப் பார்த்து வியந்தார்கள், பக்குவத்தைக் கேட்டுக்கொள்ளவில்லை. அதனால் பின்னாளில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

1823-இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சார்லஸ் மெக்கின்டோஷ் இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பர்க் கரைசலைப் பூசி மழைச்சட்டை செய்தார். மழைக்கு நன்றாகத்தான் இருந்தது. கோடையில் பிசுபிசுத்தது, பனிக்காலத்தில் பலகையைப் போல விறைத்தது. அதாவது, நம் பிள்ளைகளின் ஒட்டுப்பால் பந்துக்கு வந்த அதே நோய்.

அதே காலத்தில் இலண்டனில் தாமஸ் ஹென்காக் என்பவர் ரப்பரை வெட்டி உடைகளுக்கு இழுபட்டை செய்துகொண்டிருந்தார். வெட்டும்போது மிஞ்சும் துண்டுகள் குவிந்தன. வீணாகக் கூடாதே என்று, அவற்றைப் பொடியாகக் கிழிக்க 1820-இல் ஒரு சின்ன இயந்திரம் செய்தார். மரத்தாலான உருளைக் கூட்டுக்குள் பற்கள் வைத்த இன்னோர் உருளை. கையால் சுற்ற வேண்டும். சுற்றிவிட்டுத் திறந்து பார்த்தால், தூளுக்குப் பதிலாக எல்லாத் துண்டுகளும் சேர்ந்து ஒரே உருண்டையாகக் கிடந்தன. செய்ய நினைத்த காரியம் தோல்வி. ஆனால் துண்டு ரப்பரை மறுபடி ஒன்றாக்குவது எப்படி என்று அதுவரை யாருக்கும் தெரியாது. ஹென்காக் அந்த உருண்டையைத் தூக்கி எறியவில்லை. வெளியே சொல்லவும் இல்லை. யாராவது கேட்டால் அந்த இயந்திரத்துக்கு "ஊறுகாய்" என்று பெயர் சொல்லி மழுப்பினாராம்!

இப்போது அட்லாண்டிக் கடலைத் தாண்டுவோம்.

சார்லஸ் குட்இயர் 1800-ஆம் ஆண்டு பிறந்தவர். பிலடெல்பியா நகரில் இரும்புச் சாமான் கடை வைத்து நொடித்துப் போனவர். இரசாயனம் படித்தவரல்லர். 1834-இல் நியூயார்க்கில் ஒரு ரப்பர் நிறுவனத்தின் கடையில் காற்றடைத்த மிதவை ஒன்றைப் பார்த்தார். அதன் அடைப்பான் சரியில்லை என்று, தாமே நல்லதொன்றைச் செய்து கொண்டுபோய்க் காட்டினார். கடைக்காரர் சொன்ன பதில் அவர் வாழ்க்கையையே மாற்றிவிட்டது: அடைப்பான் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ரப்பரே கெட்டுப் போகிறதே! விற்ற சாமான்கள் கோடை வெயிலில் உருகித் திரும்பி வந்துகொண்டிருந்தன.

கடனுக்காகச் சிறைப்பட்டிருந்தபோதே குட்இயர் தம் சோதனையைத் தொடங்கினார். மனைவி கிளரிசா சிறைக்கே ரப்பரையும் மாவு தேய்க்கும் உருளைக் கட்டையையும் கொண்டு வந்து கொடுத்தார். வெளியே வந்தபின் வீட்டு அடுப்படியே பட்டறை. அவர் எண்ணியது எளிய கணக்கு: ஒட்டுகிற பொருளோடு ஒட்டாத பொடியைச் சேர்த்தால் ஒட்டாமல் போகும். மெக்னீசியாப் பொடியைச் சேர்த்துப் பிசைந்தார். ரப்பர் வெள்ளைத் தோலைப் போல வந்தது. குடும்பமே உட்கார்ந்து நூற்றுக்கணக்கான காலணிகளைச் செய்தது. கோடை வந்தது, எல்லாம் கூழாயின.

அடுத்துச் சுண்ணாம்பில் வேகவைத்தார். இது வெற்றி என்றே எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் ஒரு துளி புளிப்புச் சாறு பட்டால் போதும், அந்த இடம் பழையபடி பிசுபிசுக்கும். பிறகு ஒருநாள், ரப்பர்த் துண்டின்மேல் பூசியிருந்த பித்தளை வண்ணத்தை நீக்க நைட்ரிக் அமிலத்தைத் தடவினார். துண்டு கறுத்துப் போயிற்று, குப்பையில் போட்டுவிட்டார். சில நாள் கழித்து நினைவுக்கு வந்து எடுத்துப் பார்த்தால், அமிலம் பட்ட பரப்பு வழவழப்பாய், ஒட்டாமல் இருந்தது! அந்த முறையில் செய்த சாமான்களைப் பார்த்து அரசாங்கமே 150 தபால் பைகளுக்கு ஆணை கொடுத்தது. பைகளைச் செய்து ஓர் அறையில் தொங்கவிட்டு, குடும்பத்தோடு வெளியூர் போய்த் திரும்பினார். பைகளின் பிடிகள் அறுந்து, பைகள் தரையில் உருகிக் கிடந்தன.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். மெல்லிய துணியில் தேறிய பக்குவம் தடித்த பையில் ஏன் தோற்றது? அமிலம் மேற்பரப்பில் மட்டுமே வேலை செய்தது. உள்ளே இருந்த ரப்பர் பச்சையாகவே கிடந்தது. மேலே வெந்து நடுவில் மாவாக இருக்கும் பணியாரம் மாதிரி. இனி உள்வரைக்கும் பக்குவமாகும் முறை வேண்டும் என்பதை அந்த 150 பைகளும் காட்டிவிட்டன. எனக்கு இந்தக் கதையில் மிக முக்கியமாகப்படுவது இதுதான். எல்லாரும் பின்னால் வரும் அடுப்புக் கதையைத்தான் விரும்பிச் சொல்வார்கள்.

அந்த அடுப்புக் கதை: நதானியேல் ஹேவார்ட் என்பவரிடமிருந்து கந்தகம் கலக்கும் முறையைக் குட்இயர் வாங்கியிருந்தார். 1839-இல் வூபர்ன் என்ற ஊரில், கந்தகம் கலந்த ரப்பர்த் துண்டு ஒன்று சூடான அடுப்பில் பட்டுவிட்டது. உருக வேண்டிய ரப்பர் தோலைப் போலக் கருகியது. கருகலின் ஓரத்தில் மட்டும் ஒரு மெல்லிய விளிம்பு கருகாமலும் ஒட்டாமலும் நன்றாக இழுபட்டது. அதை வெளியே குளிரில் ஆணியடித்து வைத்துக் காலையில் பார்த்தார், விறைக்கவில்லை. தற்செயல் என்கிறோம். ஆனால் கருகிய துண்டின் ஓரத்தை உற்றுப் பார்ப்பவர் எத்தனை பேர்?

அதற்குப் பின்னும் எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்று கண்டுபிடிக்க ஆண்டுகள் ஆயின. ரொட்டி வேகும் அடுப்பிலும், அண்டை வீட்டார் பட்டறைகளிலும் ரப்பரை வேகவைத்துப் பார்த்தார். இதற்கிடையில் வீட்டுச் சாமான்கள் அடகுக்குப் போயின. பிள்ளைகளின் பள்ளிப் புத்தகங்களையும் விற்றார். பிள்ளைகள் பலர் சிறு வயதிலேயே இறந்து போனார்கள். விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாக இவரைச் சொல்கிறோம், சரிதான். ஆனால் அந்த முயற்சிக்கு விலை கொடுத்தவர்களில் கிளரிசாவும் குழந்தைகளும் உண்டு. ஆசிரியர் என்ற முறையில், அந்தப் பாடப்புத்தகங்களை என்னால் அவ்வளவு எளிதாக மன்னிக்க முடியவில்லை.

குட்இயர் 1844-இல் காப்புரிமை பெற்றார். ஆனால் அவர் அனுப்பிய மாதிரித் துண்டுகள் இங்கிலாந்தில் நம் "ஊறுகாய்" ஹென்காக்கின் கைக்குப் போயிருந்தன. அவர் அதில் கந்தகம் இருப்பதைக் கண்டுகொண்டு, 1843-லேயே அங்கே தம் பெயரில் உரிமை கேட்டுவிட்டார். குட்இயர் 1860-இல் பெருங்கடனோடு இறந்தார். அவர் பெயரைத் தாங்கிய டயர் நிறுவனம் 1898-இல் மற்றவர்கள் தொடங்கியது. குடும்பத்துக்கு அதில் பங்கில்லை.

கந்தகம் என்ன செய்கிறது? ரப்பரின் மூலக்கூறுகள் நீளநீளமான நூல்களைப் போன்றவை. சூட்டில் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும், அதுவே பிசுபிசுப்பு. சூட்டோடு கந்தகம் சேரும்போது நூலுக்கு நூல் முடிச்சு விழுகிறது. பாகான் நக்கோடா ஓமார் கடற்கரையில் மீனவர் வலையைப் பார்த்திருப்பீர்கள். வெறும் நூல் குவியலாகக் கிடக்கும். முடிச்சுப் போட்ட வலையோ இழுத்தால் விரிந்து, விட்டால் பழைய உருவுக்குத் திரும்பும். முடிச்சு மிக அதிகமானால் கறுத்து, இறுகி, சீப்புச் செய்கிற எபோனைட்டாகிவிடும். பிள்ளைகளின் பந்தில் முடிச்சே இல்லை. அவ்வளவுதான் வேறுபாடு.

பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்ற மாட்டு மருத்துவர் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்குச் செய்த வேலையையும் சொல்லிவிடுகிறேன். ரப்பர்த் தகட்டைக் குழாயாக ஒட்டி, ஒரு மரத்தட்டின் விளிம்பில் வைத்து, துணியால் மூடி ஆணியடித்து, காற்படிப் பந்துக்குக் காற்றடிக்கும் குழாயால் ஊதினார். முற்றத்தில் இதை உருட்டினார். வண்டியின் பழைய சக்கரத்தையும் உருட்டினார். காற்றடைத்தது வெகுதூரம் ஓடியது. 1888-இல் காப்புரிமை பெற்றார். ஆனால் அவருடைய டயரில் ஒரு குறை: அது சக்கரத்தோடு கட்டுப்போட்டது போல ஒட்டியிருந்தது. துளை விழுந்தால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். கழற்றி மாட்டக்கூடிய டயரை வேறு சிலர் 1890-இல் கண்டுபிடித்தார்கள். டன்லப்பின் காப்புரிமையும் நிலைக்கவில்லை. 1845-லேயே தாம்சன் என்பவர் அதைப் பதிந்திருந்தார்!

டயர் வந்தது, ரப்பருக்குக் கிராக்கி வந்தது. இனி நம் ஊருக்கு வருவோம்.

ஹென்றி விக்கம் 1876-இல் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். முளைத்தவற்றில் 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூருக்கு வந்தன. பிரேசிலில் பால் எடுத்தவர்கள் சிறு கோடரியால் மரத்தைக் கொத்தினார்கள். வெட்டு மரக்கட்டைவரை இறங்கும்; ஆறும்போது முடிச்சு முடிச்சாகப் புடைக்கும்; அந்த இடத்தில் மறுபடி வெட்ட முடியாது. காட்டில் மரங்களுக்குப் பஞ்சமில்லை. தோட்டம் போட்டுப் பிழைப்பவனுக்கு இது கட்டுமா?

1888-இல் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்துக்குப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி இதைத்தான் ஆராய்ந்தார். மரத்தைக் கொத்தக் கூடாது. பட்டையைச் சீவ வேண்டும். முதல் வெட்டின் கீழ் ஓரத்தை மறுமுறை மெல்லியதாகச் சீவினால் மறுபடி பால் வரும், முன்னைவிட அதிகமாகவே வரும் என்று 1890-களில் கண்டார். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே வளர்ச்சிப் படலம் ஒன்று இருக்கிறது. கத்தி அதைத் தொடாவிட்டால் புதுப்பட்டை வளரும். காப்பித் தோட்டக்காரர்களிடம் ரப்பர் விதையைக் கொடுத்து நடச் சொல்லி அலைந்ததால் அவருக்குப் "பைத்தியக்கார ரிட்லி" என்று பெயர். காப்பி விலை வீழ்ந்த பிறகுதான் சிலாங்கூர்த் துரைமாருக்கு அந்தப் பைத்தியம் தெளிவாகத் தெரிந்தது. 1920 வாக்கில் உலக ரப்பரில் ஏறக்குறைய பாதி மலாயாவுடையது. ரிட்லி 1956-இல் நூறு வயதில் காலமானார்.

ரிட்லி சொன்னது விதி. அந்த விதியை ஒவ்வொரு விடியலிலும் நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் மரத்துக்கு மரம் நிறைவேற்றியவர்கள் நம் தாய்மாரும் தந்தைமாரும். வளர்ச்சிப் படலத்துக்கு மேலே ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் பட்டையை விட வேண்டும். அதற்கு மேல் விட்டால் பால் குறையும். தாண்டினால் காயம், மண்டோரின் ஏச்சு. இந்த அளவை எந்தக் கருவியும் சொல்லாது, மணிக்கட்டுதான் சொல்லும். வெட்டுக் கற்க வந்தவர்களுக்குப் பழைய மரங்களைக் கொடுத்ததும் அதனால்தான். வரலாற்று நூல்களில் ரிட்லியின் பெயர் இருக்கிறது. அந்த மணிக்கட்டுகளின் பெயர் இல்லை.

கோலசிலாங்கூர், சபாக் பெர்ணம் பக்கத்தில் இன்று எங்கு பார்த்தாலும் செம்பனையும் தென்னையும்தான். இங்கே படிக்கும் பிள்ளைகளில் பலர் மங்கையும் உளியையும் பார்த்ததில்லை. ஆனால் மங்குக்கு முன்னால் மரத்தடியில் இருந்தது நம் தென்னையின் கொட்டாங்கச்சிதான் என்று சொன்னால் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

சிறுதோட்டக்காரர்கள் வீட்டுப் பின்புறத்திலேயே ரப்பர்த் தகடு செய்வார்கள். பாலை வடிகட்டி, தண்ணீர் கலந்து, தட்டில் ஊற்றி, பார்மிக் அமிலம் சேர்த்து உறையவிட்டு, மறுநாள் கைமெஷினில் உருட்டிப் புகையில் தொங்கவிடுவார்கள். கடைசி உருளையில் வரி வரியாகக் கோடு இருக்கும். அந்த வரிகள் அழகுக்கு அல்ல, வழவழப்பான தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, உலரவும் நாளாயின, அதனால் வந்தவை.

காய்ந்த தகட்டை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பது வழக்கம். உள்ளே சிறு குமிழிகள் தெரிந்தால், வாளி சரியாகக் கழுவப்படவில்லை, பால் புளித்துவிட்டது. பெரிய கொப்புளம் என்றால் முதல் நாளே புகையறையில் சூடு ஏறிவிட்டது. வெண்பூஞ்சை கண்டால் ஈரத்தோடு அடுக்கியிருக்கிறார்கள். மணல் கிடந்தால் வடிகட்டியில் ஓட்டை. வாங்குகிற கடைக்காரர் இதையெல்லாம் ஒரு நொடியில் பார்த்துத் தரத்தைக் குறைத்துவிடுவார். ஆகவே விவரமான சிறுதோட்டக்காரர், தகட்டைச் சைக்கிளில் ஏற்றுவதற்கு முன்னால், சன்னல் ஓரமாய் நின்று ஒவ்வொன்றாகத் தாமே தூக்கிப் பார்ப்பார்.