இரண்டு மணி நேரத்தில் இழந்த தாயகம்



1948-ஆம் ஆண்டு பலஸ்தீனத்தில் ஏழு லட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் வீடும் நிலமும் இழந்து அகதிகளாயினர். பூட்டிய வீட்டின் சாவியைப் பேரப்பிள்ளைகளிடம் ஒப்படைத்து மறைந்த முதியோரின் வரலாற்றைக் கேட்டு நாம் கண்ணீர் வடிக்கிறோம். ஆனால் நமது குமரிக் கடலுக்கு அக்கரையில், நாம் பேசும் தமிழையே பேசும் முஸ்லிம்களுக்கும் இத்தகைய துயரம் நேர்ந்ததை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

1990-ஆம் ஆண்டு இலங்கையின் கிழக்கே பகைமைத் தீ மூண்டிருந்தது. ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். தமிழர், முஸ்லிம் ஆகிய இரு சமூகத்தாரின் இரத்தமும் அங்கே சிந்தியது. அவ்வாண்டு அக்டோபரில், வடமாகாண முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற வேண்டும் என விடுதலைப் புலிகள் ஆணையிட்டனர். மன்னார்த் தீவு மக்கள் பலர் படகேறிக் கல்பிட்டியில் கரைசேர்ந்தனர். அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்தாருக்குக் கிடைத்த அவகாசமோ இரண்டே மணி நேரம்! நகையும் பணமும் வழியிலேயே பறிக்கப்பட்டன. இவ்வாறு வெளியேற்றப்பட்டோர் சுமார் 75,000 பேர்.

அவர்களுள் பெரும்பாலோருக்குப் புத்தளம் அடைக்கலம் தந்தது. மதீனத்து அன்ஸாரிகளைப் போன்று அவ்வூரார் பள்ளிவாசல்களையும் பள்ளிக்கூடங்களையும் திறந்துவிட்டனர். எனினும் கிடுகுக் கொட்டில்களில் ஆண்டுகள் பல கழிந்தன.

2002 ஏப்ரலில், புலிகளின் அரசியல் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் இவ்வெளியேற்றத்திற்காக வருத்தம் தெரிவித்தார். 2009-இல் போர் ஓய்ந்தது, பாதையும் திறந்தது. ஆனால் திரும்பியோர் கண்டது இடிந்த வீடுகளையும் காடு மண்டிய நிலங்களையுமே. குடும்பங்கள் பெருகியிருந்தன, நிலம் பெருகவில்லை. புத்தளத்திலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கோ தந்தையின் ஊர் அந்நியமாயிற்று. ஆகவே பலர் அங்கேயே தங்கிவிட்டனர்.

திரும்ப விரும்புவோருக்கு வீடும், விரும்பாதோருக்கு இழப்பீடும் வேண்டும் என்பது பலஸ்தீனர் குறித்து 1948 டிசம்பர் 11 அன்று ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய 194-ஆம் தீர்மானத்தின் சாரம். அந்நீதி வடபுலத்தாருக்கும் உரியதே.

சகோதரர்களே! தமிழரின் உரிமைக்காகப் போராடியோரே தமிழ் பேசும் அண்டைவீட்டாரை அகதிகளாக்கினர். தமக்கு இழைக்கப்பட்ட அநீதி, பிறருக்கு அநீதி இழைக்க எவருக்கும் அனுமதியாகாது. அதற்காக ஒரு சமூகத்தையே நாம் பகைப்பதும் நீதியன்று. நமது துஆக்களில் பலஸ்தீனத்தோடு யாழ்ப்பாணத்தையும் மன்னாரையும் நினைவு கூர்வோம். வீடிழந்த ஒவ்வொருவருக்கும், அவர் எம்மதத்தவராயினும், வல்ல அல்லாஹ் நற்குடியிருப்பை அருள்வானாக. ஆமீன்.