பிடிமண்ணில் தொடங்கும் புரவி

சிவகங்கைச் சீமையில் ஓர் ஊர் புரவி எடுப்பது, அதாவது அய்யனாருக்கு மண்குதிரை செய்து செலுத்துவது என்று கூடிப் பேசி முடித்துவிட்டால், மண்பாண்டம் வனையும் வேளாரின் கைக்கு முதலில் வந்து சேர்வது ஒரு பிடி மண். பிடிமண் கொடுத்தல் என்பார்கள். அதை வாங்கிய வேளார் விரதம் தொடங்குகிறார். பல அய்யனார் கோயில்களில் பூசாரியும் அவர்தான். சாமிக்கு வாகனம் செய்கிறவரே சாமிக்குத் தீபமும் காட்டுகிறார்.

மண் கண்மாயில் இருக்கிறது. மழை கரைத்துக் கொண்டுவந்த வண்டலின் மிக நுண்ணிய பகுதி கடைசியாகப் படியும். கோடையில் தண்ணீர் வற்றியதும் வேளார் இறங்கித் தேடுவது அந்தக் களியைத்தான். ஒரு கிள்ளு எடுத்து விரலிடையில் திரித்து வளைப்பார். வெடித்தால் அந்த இடம் வேண்டாம். வெறும் களியும் உதவாது, காயும்போது சுருங்கிப் பிளந்துவிடும். மணலும் உமியும் கலந்து காலால் மிதிக்க வேண்டும். சூளையில் உமி எரிந்து சாம்பலாகும்போது விடும் நுண்துளைகள் வழியே நீராவி வெளியேறும்.

ஆளுயரக் குதிரையைச் சக்கரத்தில் வனைய முடியாது. அது கையால் மட்டுமே வளர்கிறது. முதலில் உள்ளே பொள்ளலான நான்கு கால்கள். மேலே வரும் பாரத்தைத் தாங்கும் அளவுக்கு அவை இறுக வேண்டும், ஆனால் அடுத்த மண் ஒட்டாத அளவுக்குக் காய்ந்துவிடக் கூடாது. அந்தப் பதத்துக்குக் கருவி கிடையாது, உள்ளங்கைதான் சொல்லும். பிறகு மண்ணைத் திரித்துத் திரித்து வயிற்றை ஏற்றுகிறார்கள். உள்ளே ஒரு கை கல்லை ஏந்திக் கொடுக்க, வெளியே மறுகை பலகையால் தட்டுகிறது. ஒரு நாளைக்குக் கொஞ்ச உயரம்தான். விளிம்பில் ஈரச் சாக்கைப் போட்டுவிட்டுப் போவார்கள். கழுத்து, தலை, பிறகு மணியும் சலங்கையும். வெளிப்பக்கத்தை வழித்து மெழுகிவிடுவார்கள். உட்புறத்தில் மட்டும் செய்தவரின் விரல்தடங்கள் அப்படியே நிற்கும்.

ஊர்ப் புரவியோடு வீட்டு நேர்த்திக்கடன்களும் அதே மண்ணில் உருவாகின்றன. காய்ச்சலில் கிடந்து பிழைத்த பிள்ளைக்கு ஒரு மண்பிள்ளை, நோய் தீர்ந்த மாட்டுக்கு ஒரு மண்மாடு. வாய்விட்டுச் சொல்லாத பயத்தையும் நன்றியையும் இவ்வளவு நேராகச் சொல்லும் கலை வேறொன்றை நான் அறியேன்.

இத்தனைக்கும் குதிரை இந்த மண்ணின் விலங்கன்று. பாண்டியர்கள் அரபு நாட்டிலிருந்து கப்பல் கப்பலாக அதை வாங்கியதை 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். அரசர்கள் பொன் கொடுத்து வாங்கியதைக் குடியானவர்கள் கண்மாய்க் களியில் செய்து எல்லைச்சாமிக்குக் கொடுத்தார்கள்.

பெரிய குதிரையைச் சூளைக்குத் தூக்கிச் செல்ல முடியாததால், சூளையை அதைச் சுற்றியே எழுப்புவதும் உண்டு. விறகும் வரட்டியும் அடுக்கி, வைக்கோல் பரப்பி, மேலே சேறு பூசித் தீ வைக்கிறார்கள். 500, 600 டிகிரியைத் தொடும்போது களிமண் தன் அமைப்புக்குள் பிணைத்து வைத்திருந்த நீரையும் இழக்கிறது. அதன்பின் எத்தனை மழை பெய்தாலும் அது சேறாகாது. இரும்புச்சத்து காற்றோடு சேர்ந்து செந்நிறம் தருகிறது. இதே மாவட்டத்துக் கீழடியில் 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய பானை ஓடுகள் கரையாமல் கிடைத்ததும் சுட்ட மண் மறுபடி சேறாகாததால்தான்.

சுண்ணாம்பு பூசி, வண்ணம் தீட்டி, கண் திறந்ததும் குதிரை புறப்படுகிறது. மேளம் முன்னே போக, வாரைகளில் ஏற்றித் தோள் மாற்றித் தோள் மாற்றி இளவட்டங்கள் சுமக்கிறார்கள். கோயிலில் இறக்கிய பிறகு அதற்குக் கூரை கிடையாது. வெயிலும் மழையும் பட்டு வண்ணம் உதிரும், காது உடையும், வேர் புகுந்து கால் சாயும். யாரும் ஒட்டவைப்பதில்லை. அடுத்த புரவி எடுப்புக்குப் புதியது வந்து பக்கத்தில் நிற்கும். புதுக்கோட்டைப் பக்கத்து நமணசமுத்திரத்தில் இப்படி வரிசை வரிசையாகக் குதிரைகளைப் பார்க்கலாம்.

இப்போது பல ஊர்களில் சிமெண்டுக் குதிரை எழும்புகிறது. ‘ஒருமுறை செய்தால் போதும்’ என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உடைகிற குதிரைதான் வேளாரை மறுபடி கண்மாய்க்குள் இறக்கியது. அவர் களி எடுத்த பள்ளத்தில் அடுத்த மழைக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் நின்றது. சிமெண்டுக் குதிரைக்குப் பிடிமண் வேண்டாம், விரதம் வேண்டாம். நிற்கும் இடத்திலேயே கட்டப்படுவதால் அதை எடுத்துச் செல்லத் தோள்களும் வேண்டாம். கண்மாயில் மண் எடுக்க விண்ணப்பத்தோடு அலைந்த வேளார்களுக்கு, வட்டாட்சியரே அனுமதி தரும்படி 2024இல் தமிழக அரசு வழியை எளிதாக்கியது. மண் எடுக்க வழி பிறந்திருக்கிறது. பிடிமண் கொடுக்க வேண்டியது ஊர்.